ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை

அந்தச் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அதில் கையெழுத்துப் போட்ட ஆய்வுக் குழுத் தலைவர் படிக்கவில்லை. அதை அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கு அறிவு வழிந்து ஓடுகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் ஜெராக்ஸ் கடைக்காரன். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் கவிழ்த்தவன். ஒரு பக்கம் மிஷினிலிருந்து வெளியே வருவதற்குள் அடுத்த பக்கத்தைப் படித்துவிடலாம். அப்படிப் படித்து, வயிறு எரிந்து போய்த்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவின் ஒரு முனையில் என் கடை. மறு முனையில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காக ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கேஸ் கம்ப்ரஸர் ஸ்டேஷன். எங்கேயோ பூமிக்கடியில் எடுக்கிற கேஸ் குழாய் வழியாக வரும்போது நடுவழியில் வேகம் குறைந்துபோகுமாம். அதை இங்கே அமுக்கி, முதுகில் ஒரு தள்ளு தள்ளி, அடுத்த ஊருக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தள்ளுக்கு ஒரு பெரிய மிஷின். அது போடுகிற சத்தத்தில் எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் ரகசியம் சொன்னதில்லை. காதல் கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

மதிலோடு ஒட்டிய கடைசி வீடு தையல்கார அண்ணனுடையது. என் கூடப் பிறந்தவர் இல்லை. ஆனால் இருபது வருஷமாக என் சட்டைக்கெல்லாம் காலர் திருப்பித் தைத்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் மனைவி எனக்கு அண்ணி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அண்ணி கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். இடது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. குரல் உள்ளே போய்விட்டது. அவர் வாயருகே காதைக் கொண்டுபோனால்தான் ஏதோ கேட்கும். அதுவும் மிஷின் ஓடாதபோதுதான்.

அண்ணன் தையல் மிஷினைக் கட்டிலின் கால்மாட்டில் போட்டுக்கொண்டார். கட்டில் இரும்புக் கட்டில். அண்ணியின் இடது கையில் ஒரு ஸ்பூன் இருக்கும். ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று தட்டினால் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான், காரணமெல்லாம் கேட்கக் கூடாது. அந்தச் சத்தம் அண்ணன் காதுக்கு வராது. கட்டில் கம்பி மேல் முழங்காலை வைத்துக்கொண்டே தைப்பார். தட்டுவது முழங்காலுக்குத் தெரியும்.

இப்படி இருபத்து மூன்றரை மணி நேரம். மீதி அரை மணி நேரம் இருக்கிறதே, அதுதான் விஷயம். ஸ்டேஷனில் இருந்தது கிழட்டு மிஷின். சூடேறிவிடும். அதனால் தினமும் மதியம் ஒரு மணிக்கு நிறுத்தி, சூடு ஆறவைத்து, ஒன்றரைக்குத் திரும்ப ஓட்டுவார்கள். ஒரு மணி அடித்ததும் அண்ணன் ஊசியைப் போட்டுவிட்டுத் தலைமாட்டுக்குப் போய்விடுவார். அண்ணி அன்றைக்குச் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் அந்த அரை மணிக்குள் கொட்டுவார். "மூக்குக் கண்ணாடிய நெத்தில ஏத்தி வச்சிட்டு ஊரெல்லாம் தேடுறீங்க. கத்திச் சொல்லவும் முடியல, சிரிக்கவும் முடியல. உங்களக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு." அந்தத் திட்டைக் கேட்க மனிதர் உயிரை விடுவார்.

ஒரு நாள் என் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஸ்டேஷனை மேம்படுத்தப் போகிறார்கள். பழைய மிஷினுக்குப் பதில் மூன்று புது மிஷின். சூடே ஏறாதாம். இருபத்து நான்கு மணி நேரமும் நிற்காமல் ஓடுமாம். அதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று ஆராயப் போகிறார்கள். பொதுமக்களின் கருத்துகள் வரவேற்கப்படுகின்றன.

அண்ணன் நோட்டீஸை மூன்று தடவை படித்தார். பிறகு என்னிடம் ஒரு தாள் வாங்கி ஒரே ஒரு வரி எழுதினார்: மதியம் ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை மிஷினை நிறுத்தும் வழக்கத்தை விட்டுவிட வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு ஆய்வு அலுவலகத்துக்குப் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு எழுத்தர் அம்மா இருந்தார்.

"எதப் பத்தின கருத்து?" என்றார்.

"என் வீட்டுக்காரியப் பத்திங்க."

"காத்து, தண்ணி, மண்ணு, மரம், பறவை, சத்தம். இதுல எதுல வர்றாங்க?"

"அவ பேசுறது எனக்குக் கேக்கணும். அவ்வளவுதாங்க."

"அப்போ சத்தம். அவங்க சத்தத்தால பாதிக்கப்படுறவங்களா, சத்தம் போடுறவங்களா?"

அண்ணன் உண்மையாகவே யோசித்தார். "முன்னாடி நல்லாப் போடுவா. இப்ப முடியலைங்க."

எழுத்தர் அம்மா படிவத்தில் 'முன்னாள்' என்று எழுதினார்.

மேசை மேல் பறவைகளைப் பற்றிய அத்தியாயம் கிடந்தது. ஸ்டேஷன் புகைப்போக்கிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடிப் பறவை கூடு கட்டியிருந்ததாம். அதற்கு மட்டும் நாற்பத்தொரு பக்கம். கூட்டுக்கு ஐம்பது அடிக்குள் ஊழியர்கள் தும்மக்கூடாது என்று கூட ஒரு பரிந்துரை. நான் பறவைக்கு விரோதி இல்லை. நன்றாக இருக்கட்டும். அண்ணன் அதை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இந்தப் பறவையோட எங்களையும் சேத்துக்க முடியாதுங்களா?"

"அது வலசைப் பறவை, பட்டியல்ல இருக்கு. உங்க வீட்டம்மா இல்லையே. அவங்க வலசை வந்தவங்களா?"

"கல்யாணம் ஆகி வந்தா."

"திரும்பிப் போவாங்களா?"

"எங்கிட்டு போவா? என்கூடத்தான் இருக்கா."

"அப்போ வலசைல வராது," என்றார் அந்த அம்மா, நிஜமான வருத்தத்தோடு. அவரும் மனுஷிதானே.

ஆனால் கருத்தைப் பதிவு செய்தார்கள். பதினைந்து நாளில் மீட்டர்காரர் வந்தார். மரியாதையான மனிதர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அண்ணிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அண்ணன் வீட்டுக்கு அறிக்கையில் 'ஒலி ஏற்பி நான்கு', அதாவது சத்தம் வந்து விழுகிற நாலாவது இடம், என்று பெயர் வைத்திருப்பதாகச் சொன்னார். வீட்டின் இயல்பான சத்தம் எவ்வளவு என்று முதலில் அளக்க வேண்டும். அதற்கு மேல் புது மிஷின் பத்து டெசிபலுக்குள் ஏற்றினால் பாதிப்பு இல்லை. பத்தைத் தாண்டினால் பாதிப்பு.

"இயல்பான சத்தத்த மிஷின் நிக்கிறப்பதான் அளக்க முடியும்," என்றார். "அதாவது ஒன்னுலேருந்து ஒன்றரை வரைக்கும். தொடர்ந்து ஏழு நாள்."

"அளந்துக்குங்க. நாங்க பாட்டுக்குப் பேசிட்டு இருக்கோம்," என்றார் அண்ணன்.

"நீங்க இருக்கக் கூடாதே. ரெண்டு பேர் பேச ஆரம்பிச்சா இயல்பு நிலை கெட்டுப் போயிடும். வீட்டம்மா எந்திரிக்க முடியாது, அதனால அவங்க இருக்கலாம். விதில அதுக்கு இடம் இருக்கு. நீங்க நூறு அடிக்கு அந்தாண்ட."

"அவ பேசுறதே என்கூடத்தானங்க."

"அவங்க வழக்கம்போல பேசட்டும். நீங்க மட்டும் வேண்டாம். இன்னொன்னு. நடுவுல ஒரு நிமிஷம் யாராவது உள்ள போனாலும் மொதல்லேருந்து ஏழு நாள் அளக்கணும். பாருங்க, இதெல்லாம் உங்களுக்காகத்தான் செய்றோம்."

அந்த அரை மணி நேரத்தைக் காப்பாற்றுவதற்காக அந்த அரை மணி நேரத்தை ஏழு நாள் எடுத்துக்கொண்டார்கள். இதைப் பிறகு நான் எத்தனை பேரிடம் சொல்லிப் பார்த்தாலும் யாரும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "விதி அப்படி இருந்தா என்ன பண்றது" என்றார்கள்.

அண்ணன் விஷயத்தை அண்ணியிடம் சொன்னபோது நானும் இருந்தேன். மிஷின் நின்றிருந்த நேரம். அண்ணி பாதி வாயால் சிரித்தார். "சரி, அந்த மீட்டர் பெட்டியோட பேசுறேன். அதுவாவது குறுக்க பேசாம கேக்கும்."

மீட்டரைத் தலைமாட்டில், அண்ணன் வழக்கமாக உட்காரும் முக்காலியின் மேலேயே வைத்தார்கள். மீட்டர்காரர் வெளியே வண்டியில் உட்கார்ந்துகொள்வார். அண்ணன் தெரு முனைக்கு வந்து என் கடையில் உட்காருவார். ஆறு நாள் அப்படித்தான் உட்கார்ந்தார். என் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றரை ஆனதும் ஓடுவார். ஆனால் அவர் வீட்டுக்குள் நுழைவதற்குள் மிஷின் ஓட ஆரம்பித்துவிடும். "என்ன பேசுன?" என்று கேட்டால் அண்ணியின் உதடு அசையும், அவ்வளவுதான்.

"இன்னும் ரெண்டு நாள் தம்பி," என்பார் என்னிடம். "அப்புறம் உக்கார வச்சு எல்லாத்தையும் திருப்பிச் சொல்ல வைக்கிறேன்."

ஏழாம் நாள். கடிகாரத்தில் ஒன்று இருபது. எழுதிக்கொண்டே போகும் கை இந்த இடத்தில் நிற்கிறது. அண்ணன் திடீரென்று எழுந்தார்.

"ஒரு மாதிரியா இருக்கு தம்பி. ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடுறேன்."

நான்தான் கையைப் பிடித்தேன். "அண்ணே, கெடுத்துடாதீங்க. இன்னும் பத்தே நிமிஷம். இப்பப் போனா திரும்ப ஏழு நாள். பொறுத்தது பொறுத்தீங்க." அவர் உட்கார்ந்தார். நான் டீ சொன்னேன். அவர் குடிக்கவில்லை.

ஒன்றரைக்கு அவர் போனபோது ஸ்பூன் தரையில் கிடந்தது. அண்ணிக்கு நினைவில்லை. டாக்டர் வந்து பார்த்து பக்கவாதம் இரண்டாவது தடவை வந்திருக்கிறது என்றார். மறுநாள் காலை அண்ணன் வெந்நீரோடு போய் எழுப்பியபோது அண்ணிக்கு உயிர் இல்லை.

அன்றைக்கும் ஒரு மணிக்கு மிஷின் நின்றது. வீடு கொள்ளாமல் ஆட்கள். தெருவே அமைதி. என்ன வேண்டுமானாலும் பேசலாம், யார் காதிலும் விழும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து, ஒன்றரை ஆகும் வரை அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிஷின் ஓடியது. அப்போதுதான் அழுதார். எங்களுக்குக் கேட்கவில்லை, தோள் குலுங்குவது தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து ஸ்டேஷன் வளாகத்து மண்டபத்திலேயே பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம். தலைவர் பேசினார். அந்தப் பேச்சையும் நான்தான் நகல் எடுத்தேன், ஒரு எழுத்தைக் கூட நான் சேர்க்கவில்லை.

"இந்த ஆய்வுக்காக நாம் பதினான்கு நிபுணர்களை அமர்த்தினோம். பதினான்கு பேரும் பாதிப்பு இல்லை என்று ஒருமனதாகக் கூறியுள்ளனர். பாதிப்பு உண்டு என்று கூறிய பதினைந்தாவது நிபுணரின் ஒப்பந்தம் இயல்பாகவே முடிவடைந்துவிட்டது. சிலர் சத்தம் கூடும் என்று அஞ்சுகிறார்கள். சத்தம் கூடுவது வேறு, பாதிப்பு வேறு. இந்த வேறுபாட்டை உருவாக்குவதற்காகத்தான் நம் துறையே இருக்கிறது. மக்களின் கருத்தைக் கேட்பது எங்கள் கடமை. கேட்டுவிட்டோம். அதன்படி நடக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். அடுத்து மீட்டர்காரர் எழுந்து ஒலி அத்தியாயத்தைப் படித்தார். ஒலி ஏற்பி நான்கில் இயல்பான சத்தம் நாற்பத்து மூன்று டெசிபல். புது மிஷின் ஓடும்போது அங்கே ஐம்பத்து இரண்டு ஆகும் என்று மிஷின் செய்கிற கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஏற்றம் ஒன்பது. பத்துக்குள்தான். பாதிப்பு இல்லை.

அண்ணன் எழுந்தார். பக்கத்தில் இருந்த நான்தான் மைக்கை வாங்கிக் கொடுத்தேன்.

"ஐயா, ஆளில்லாத வீட்ல எது நாப்பத்து மூணு? அது என் பொண்டாட்டி பேசுனது. உங்க பெட்டிய அவ தலமாட்டுல வச்சீங்க. அவ போயிட்டாங்க. அளந்து முடிச்ச மறுநாளே போயிட்டா."

மண்டபத்தில் கசமுசா. மீட்டர்காரர் முகம் வெளுத்தது. உட்கார்ந்து ஏதோ கணக்குப் போட்டார். தலைவர் காதில் சொன்னார். மைக் அணைக்கப்படவில்லை என்பதால் எல்லோருக்கும் கேட்டது. "அந்தம்மா இல்லன்னா அடிப்படை முப்பத்தொன்னுதான் சார். ஏத்தம் இருபத்தொன்னு ஆயிடும். அனுமதி நிக்காது."

தலைவர் வியர்வையைத் துடைத்தார். பிறகு அண்ணனைப் பார்த்து மிக மென்மையாகக் கேட்டார்: "அம்மையார் காலமானது அளவீட்டுக்கு முன்பா, பின்பா?"

"பின்னாடிதாங்க. மறுநாள்."

மேடையில் இருந்த எல்லா முகத்துக்கும் உயிர் வந்தது. தலைவர் எழுந்தார். "அப்படியானால் அளவீடு செல்லும். இந்த அறிக்கைக்கு ஐந்து ஆண்டுகள் செல்லுபடிக் காலம் உண்டு. அதுவரை அம்மையார் தினமும் மதியம் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பதாகவே கொள்ளப்படும். அன்னாரின் குடும்பத்துக்கு நாங்கள் வேறு என்ன ஆறுதல் தர முடியும்?"

யாரோ இரங்கல் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காத்தோம். மதியம் மூன்று மணி. இருபது அடி தள்ளி மிஷின் அலறிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்கு மிஷினை நிறுத்தினால் என்ன என்று நான் கேட்டேன். நிறுத்துவதற்குத் தனி அனுமதி வேண்டுமாம், அதற்கும் சுற்றுச்சூழல் ஆய்வு உண்டாம்.

கூட்டம் கலைந்தபோது அண்ணன் மீட்டர்காரரிடம் போனார். அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தம்பி, ஏழு நாளும் அவ என்ன பேசுனான்னு அந்தப் பெட்டில இருக்கா?"

மீட்டர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அது எவ்வளவு சத்தம்னுதான் வச்சுக்குங்க. பேச்ச வச்சுக்காது. கோடு கோடா ஒரு தாள் வரும். அறிக்கைல சேக்காத இணைப்பு ஒன்பது. எழுதிக் குடுத்தீங்கன்னா அனுப்பி வைக்கிறேன்."

அண்ணன் எழுதிக் கொடுத்தார். நாற்பது நாளுக்குப் பிறகு வந்தது. அதற்குள் புது மிஷின் மூன்றும் ஓட ஆரம்பித்துவிட்டன. ஒரு மணிக்கும் நிற்பதில்லை. தெருமுனையில் என் கடை வரைக்கும் அதே அலறல். கம்பெனி எழுதிக் கொடுத்த ஐம்பத்து இரண்டை மட்டும் எங்கே தேடியும் காணோம்.

மூலத் தாளைத் திருப்பி அனுப்ப வேண்டும், நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. அதனால் அண்ணனுக்கு முன்னால் அதைப் பார்த்தவன் நான். ஏழு தாள். கீழே நேரம், மேலே குட்டிக் குட்டி மேடாக ஒரு கோடு. முதல் ஆறு நாளும் அரை மணி முழுக்க மேடுகள் இருந்தன. அண்ணி ஓயாமல் பேசியிருக்கிறார். அந்தப் பெட்டியோடு என்ன பேசினாரோ.

ஏழாவது தாளில் மேடுகள் ஒன்று பதினான்கோடு நின்றுவிட்டன. பிறகு தரை மட்டமாக ஒரு கோடு. ஒன்று பத்தொன்பதில் ஊசி மாதிரி மூன்று கோடு நெட்டுக்குத்தாக நின்றது. கொஞ்சம் இடைவெளி. திரும்ப மூன்று. இடைவெளி. திரும்ப மூன்று. ஒன்றரைக்கு மிஷினின் சத்தம் வந்து தாளையே கறுப்பாக்கும் வரை அப்படியே போயிற்று. கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'உலோகப் பொருள் மோதும் தொடர் ஒலி. பேச்சு அல்ல. சராசரியில் சேர்க்கப்படவில்லை.'

அந்தத் தாளை ஒளித்துவிடலாமா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆறு தாள்தான் வந்தது என்று சொன்னால் அவர் நம்புவார், நான் எது சொன்னாலும் நம்புகிறவர். ஆனால் அது அண்ணி அவருக்கு விட்டுப்போனது. நான் யார் எடுத்துக்கொள்ள?

அண்ணன் கடைக்கு வந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஏழாவதில் விரலை வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்ததையும் எண்ணினார். கடைசி வரைக்கும் எண்ணினார். அண்ணி ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறார். பிறகு கீழே எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தார். பிறகு என் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணே, நான்தான் உங்கள உக்கார வச்சேன்," என்றேன்.

"என்ன தம்பி?" காதில் கை வைத்துக் குனிந்தார். புது மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை.

"நான்தான் உங்கள உக்கார வச்சேன்!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். மன்னிப்பைக் கூட இந்தத் தெருவில் கத்தித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அவர் என் தோளைத் தட்டினார். தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். மனசு கேட்காமல் நானும் பின்னால் போனேன். மணி ஒன்று ஆகியிருந்தது.

அண்ணியின் கட்டில் அப்படியே இருந்தது. படுக்கையைச் சுருட்டி வைத்திருந்தார். ஸ்பூன் கம்பியில் நூலால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மூன்று மிஷினும் ஓட, கட்டில் விடாமல் நடுங்கியது. ஸ்பூன் கம்பியில் மோதி மோதி ஆடியது.

அண்ணன் முக்காலியைத் தலைமாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்காலைக் கம்பி மேல் வைத்தார். தலையணை இருந்த இடத்தைப் பார்த்துக் குனிந்தார். உதடு அசைந்தது. ரொம்ப நேரம் அசைந்தது. வாசலில் நின்ற எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.